மாதம்மாவுக்கு ஓட்டத் தெரியாதாம்

மாதம்மாவின் வண்டிக்கு வந்த வியாதி இதுதான். ஓடிக்கொண்டே இருக்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் டச் ஸ்கிரீன் திடீரென்று கறுத்துப்போகும். பாட்டு நிற்கும், மேப் மறையும், பேசிக்கொண்டிருந்த போன் பாதியில் அறுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பெனி முத்திரையைக் காட்டியபடி, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி விழித்துக்கொள்ளும். விழித்த கையோடு சில நாள் ரேடியோவை முழுச் சத்தத்தில் அலறவிடும். பின்னால் இருப்பவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்கள். வண்டியைப் பின்னால் எடுக்கும் நேரத்தில் இது வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பின்பக்கக் கேமராவும் அதே ஸ்கிரீனில்தான் தெரியவேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் மட்டும் அது பரம சாதுவாகிவிடும். தொட்டால் திறக்கும், சொன்னால் பாடும். அதைப் பார்க்கப் பார்க்க மாதம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைசூரில் வாடகைக் கார் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதம்மா அவர்களில் ஒருத்தி. அவளுடைய அப்பா கோபிநத்தத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகளுக்கு மாதேஸ்வரன் மலைமேல் இருக்கும் சாமி மாதப்பனின் பேரை வைத்தார். அதைத் தவிர அவளுக்கு வைத்துவிட்டுப் போக அவரிடம் வேறெதுவும் இல்லை. அவள் பத்தாவது முடித்து, கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய், அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனபின், போதுமடா சாமி என்று டிரைவிங் படித்தாள். ஒரு ஸ்கூல் வேனைப் பல வருஷம் ஓட்டினாள். ஒரு பிள்ளைக்குச் சின்னச் சிராய்ப்புகூட வந்ததில்லை. அதற்கப்புறம்தான் கடன் வாங்கி, மஞ்சள் போர்டு வைத்த இந்தச் சொந்த வண்டி. வீட்டுக்காரர் மாரிசாமி, ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷர். டூவீலரைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. இந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வண்டியைக் கேசவமூர்த்தி என்பவரின் டிராவல்ஸில் விட்டிருந்தாள். அவர் மேலுகோட்டையிலிருந்து வந்த பழைய குடும்பம், வீட்டில் தமிழ், கடையில் கன்னடம். அமாவாசைக்கு அமாவாசை மாதேஸ்வரன் மலைக்குப் போகிற டிரிப்பை அவர் மாதம்மாவுக்கே கொடுத்துவந்தார். அடிவாரத்துத் தாளபெட்டாவுக்கு மேலே அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஏற்றி இறக்குவது அவளுக்குக் கோலம் போடுவது மாதிரி. மாதத்தில் அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நிற்கிறேன் என்று அவளே சொல்வாள்.

ஸ்கிரீன் கெட்ட கதைக்கு வருவோம். முதல் தடவை அவள் வண்டியைக் கொண்டுபோனபோது, சர்வீஸ் சென்டரில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞன் வந்தான். ஸ்ரீஹர்ஷா என்று பேர். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். அவள் வியாதியை ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி இது:

"சார் வரலையா மேடம்?"

எந்தச் சார் என்று அவளுக்குப் புரியவில்லை. வண்டியை ஓட்டுகிற சார் என்றான். நான்தான் என்றாள். ஓ என்றான். அந்த ஓ-வை மாதம்மா இன்றுவரை மறக்கவில்லை. பிறகு, வெளியில் வாங்கின சாமான் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள். சத்தியமாகத்தான் சொன்னாள். சாயங்காலம் வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தது. ஸ்கிரீனில் ஒரு குறையும் இல்லையாம்.

மறுநாளே பன்னிமண்டபம் பக்கத்தில் அது செத்து விழுந்தது. மறுபடி போனாள். இந்தத் தடவை மென்பொருளைப் புதுசு பண்ணினார்கள், ஃபியூஸைப் பார்த்தார்கள், அவளுடைய போனை ஸ்கிரீனிலிருந்து கழற்றி மறுபடி சேர்த்தார்கள். எல்லாம் முடிந்தபின் ஸ்ரீஹர்ஷா மிகவும் மரியாதையாக, கியர் போடும்போது வளையல் ஸ்கிரீனில் படுகிறதா என்று கேட்டான். நகத்தால் தொடக்கூடாது மேடம், விரல் நுனியால் தொடவேண்டும் என்று தன் விரலை நீட்டிக் காட்டினான். சத்தம் கூட்டுவது எப்படி, குறைப்பது எப்படி என்று பாடம் நடத்தினான். கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, பொறுமையாகப் படித்துப் பாருங்கள் என்றான். காசு கொடுத்து வாங்கிய வண்டியில் பாட்டு வைக்கத் தெரியாதவள் என்று அவன் முடிவே பண்ணிவிட்டான். மாதம்மாவின் காது மடல் சூடேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாவது தடவை போகும்போது மாரிசாமிக்கு வார விடுமுறை. கூட வந்தார். அன்றைக்குக் கிடைத்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. நாற்காலி வந்தது, காபி வந்தது. ஸ்ரீஹர்ஷா மாரிசாமியைப் பார்த்தே எல்லாவற்றையும் விளக்கினான். மாதம்மா கேள்வி கேட்டால் அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை அவருக்குச் சொன்னான். கார் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத மாரிசாமி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

 வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மாதம்மா கேட்டாள்.

"நீங்க எதுக்குங்க மண்டைய மண்டைய ஆட்டிட்டு உக்காந்திருந்தீங்க? எம்பொண்டாட்டிதான் ஓட்றா, அவகிட்டச் சொல்லுன்னு ஒரு வார்த்தை வாயில வரலீங்களா?"

காபி கொடுத்தார்களே, எப்படி எடுத்தெறிந்து பேசுவது என்றார் மாரிசாமி. அன்றைக்கு அவருக்கு வீட்டில் காபி கிடைக்கவில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் அது ஒரு ஸ்கிரீனின் கதை. போகவில்லை. டிரிப்பில் வந்த ஒருவர் ரேடியோ அலறியதைப் பற்றிக் கேசவமூர்த்தியிடம் குறைசொல்ல, அவர் தானே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு விசாரித்தார். வண்டியில் ஒன்றும் இல்லை சார், மேடத்துக்கு வண்டியை ஆபரேட் பண்ணத் தெரியவில்லை என்று ஸ்ரீஹர்ஷா சொல்லியிருக்கிறான். கேசவமூர்த்தி மாதம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே ஒரு பழமொழி சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதையே கன்னடத்திலும் ஒரு தரம் சொன்னார். கன்னடத்தில் கோணலாவது தரை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பாஷையிலும் அடி அவளுக்குத்தான்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். வண்டி என்னிடமே இருக்கட்டும், ஓட்டுவதற்கு நான் ஒரு ஆளைப் போட்டுவிடுகிறேன், வாடகை மாசாமாசம் உன் வீட்டுக்கு வந்துவிடும், உனக்கும் நிம்மதி என்றார். வருகிற அமாவாசையிலிருந்தே அப்படிச் செய்துவிடலாம் என்றார். அவள் வண்டி, அவள் கடன், அவள் கற்ற தொழில். அதில் இன்னொருவன் ஏறி மலைக்குப் போவான், இவள் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக இருக்கவேண்டும்.  அமாவாசைக்குள் ஸ்கிரீனைச் சரிபண்ணிக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மாதம்மா எழுந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. எந்த ரோட்டில் அணைகிறது, வெயிலிலா மழையிலா, ஏசி போட்டாலா போடாவிட்டாலா என்று கவனித்துக்கொண்டே இருந்தாள். போனைத் தூரப் போட்டு ஓட்டினாள். ரேடியோவைத் தொடாமல் ஓட்டினாள். வளையலைக்கூட ஒருநாள் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினாள். கழற்றின தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

விடை கிடைத்தது குண்டலுபேட்டைக்குப் போகிற வழியில். ஸத்யபாமா என்று ஒரு அம்மாள், சரஸ்வதிபுரத்துக்காரர், ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போவதற்காக வண்டியை எடுத்திருந்தார். ஏறி உட்கார்ந்ததுமே போனில் சார்ஜ் இல்லை என்று தவித்தார். முன்னால் சார்ஜ் போட, ஸ்கிரீனோடு சேர்ந்தாற்போல் இருப்பது ஒரே ஒரு துவாரம். அதில் மாதப்பன் இருந்தார்.

மலைக்கடையில் விற்பார்கள். புலிமேல் உட்கார்ந்த மாதப்பன், கையளவு பொம்மை, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள், அடியில் ஒரு ஒயர். காரில் செருகினால் விளக்கு விட்டுவிட்டு எரியும். வண்டி வாங்கியதும் முதல் ஓட்டமாக மலைக்குப் போனபோது மாதம்மா வாங்கி வைத்தது. அம்மாளின் அவசரத்தைப் பார்த்து, சாமியிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த ஒயரைப் பிடுங்கிப் போனைச் செருகினாள்.

குண்டலுபேட்டை போகும்வரை ஸ்கிரீன் கண் சிமிட்டவில்லை. நஞ்சன்கூட்டைத் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்த இடத்தில்கூட ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது அம்மாளின் போன் நிரம்பியிருந்தது. மாதம்மா சாமியை மறுபடி செருகினாள். பேகூர் வருவதற்குள் ஸ்கிரீன் கறுத்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஒயரைப் பிடுங்கினாள், ஸ்கிரீன் விழித்துக்கொண்டது, அப்படியே நின்றது. செருகினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒயரை லேசாக ஆட்டினாள். போயிற்று. ஒயர் சாமியின் காலடியில் நசுங்கி, உள்ளிருக்கும் கம்பி தெரிந்தது. குலுங்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி, ஷார்ட் ஆகி, ஸ்கிரீனை அணைத்திருக்கிறது. பின் சீட்டில் ஸத்யபாமா அம்மாள் என்னம்மா, என்னம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதம்மா சொன்னபோது, அட பெருமாளே, ஸ்வாமிதான் பண்ணினாரா என்று சிரித்துவிட்டார்.

மாதம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. சர்வீஸுக்கு வண்டியை விடும் நாளில் எல்லாம் காலையில் சாமியை எடுத்து, துண்டில் சுற்றி, வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுத்தான் போவாள். அங்கே ஷூ காலோடு ஏறுவார்கள், எண்ணெய்க் கையோடு தொடுவார்கள், அந்தத் தீட்டு எதற்கு என்று. வியாதியை வீட்டில் வைத்துவிட்டு வண்டியை டாக்டரிடம் காட்டிவந்திருக்கிறாள். வெளிச் சாமான் மாட்டியிருக்கிறீர்களா என்று அவன் கேட்டபோது இல்லை என்றாளே, சாமியைச் சாமான் என்று யாருக்குத் தோன்றும்? அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் சொன்னபோது மாரிசாமி சந்தோஷப்பட்டார். ஒயரைத் தூக்கிப் போடு, ஸ்கிரீன் தானாகச் சரியாகிவிட்டது என்று கேசவமூர்த்தியிடம் சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். சர்வீஸ் சென்டருக்கு இதைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்றார். அது உண்மைதான். சிரிப்பார்கள். ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று மாதம்மா யோசித்துப் பார்த்தாள். வண்டி நன்றாகத்தான் இருந்தது, இவளுக்குத்தான் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். அவளே அதற்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் சாமி வண்டியிலேயே இருந்தார். நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய், ஸ்ரீஹர்ஷாவை வெளியே கூப்பிட்டு, பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னாள். அவன் வேலை இருக்கிறது என்றான். இதுவும் வேலைதான் என்று கதவைத் திறந்து பிடித்தாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஏறிக்கொண்டான். ரிங் ரோட்டில் வண்டியை விட்டாள். ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் ஸ்கிரீன் அவன் கண்ணெதிரே கறுத்தது. முத்திரை வந்தது. ரேடியோ அலறியது. அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவள் ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாள். நடந்ததையெல்லாம், சாமியைத் துண்டில் சுற்றி வைத்தது உட்பட, சொன்னாள். அவன் எதிர்பார்த்தபடியே சிரித்தான். அப்படியானால் தப்பு எங்கள்மேல் இல்லையே, வெளிச் சாமான் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். சும்னே, வீணாக டென்ஷன் ஆகிவிட்டீர்கள் மேடம் என்று ஆறுதல்வேறு.

மாதம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் போய்விடும், தமிழ்தான் வரும். ஸ்ரீஹர்ஷாவுக்கும் தமிழ் புரியும்.

"ஆமாங்க, இல்லைன்னுதான் சொன்னேன். அது என் தப்பு. அதுக்கு நான் யாரையும் கேக்க மாட்டேன். ஸ்கிரீன் அணையுதுன்னேன், அணைஞ்சுதுங்களா இல்லீங்களா? எனக்கு ஓட்டத் தெரியலைன்னு கேசவமூர்த்தி அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கீங்க. எதைப் பாத்துட்டுச் சொன்னீங்க? நான் ஓட்டி நீங்க இன்னைக்குத்தான் பாக்கறீங்க."

 கேசவமூர்த்திக்கு இப்போதே போன் போட்டு, மேடம் சொன்னது நிஜம் என்று சொல்லச் சொன்னாள். ஆபீஸுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றான். சர்வீஸ் சென்டருக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. மாதம்மா திருப்பவில்லை, நேரே போனாள். பேசுங்க, பேசினதும் திரும்பலாம் என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போடுங்க என்றாள். போட்டான்.

மாதம்மா மேடத்தின் வண்டியில் குறை இருந்தது உண்மைதான் சார், அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் கண்டுபிடிக்கவில்லை என்று அவன் கன்னடத்தில் சொன்னான். அந்தமட்டில் நேர்மையாகவே சொன்னான். அந்தப் பக்கம் கேசவமூர்த்தி சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"அட, விடுங்க ஸ்வாமி. ஸ்கிரீன் போனா என்ன, இருந்தா என்ன? மலை ரோட்டுல பொம்பளை ஓட்டினா கஸ்டமர் பயப்படுவாங்க. நேரா சொன்னா சண்டைக்கு வருவா. நீங்க சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

ஸ்ரீஹர்ஷா போனை அணைக்கப் போனான். மாதம்மா ஒரு கையை நீட்டித் தடுத்தாள். எத்தனை நாள், எத்தனை ரோடு. வளையலைக் கழற்றி வைத்து ஓட்டினாளே, அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வியாதி ஸ்கிரீனில் இல்லை, ஒயரிலும் இல்லை. அது போனில் பேசும் அந்த மனுஷன் வாயில் சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறது. அவள் இத்தனை நாளும் அதைக் காரில் தேடியிருக்கிறாள்.

"அண்ணா, வண்டிய நான்தான் ஓட்டிட்டு இருக்கேன்," என்றாள்.

போனில் இன்னொரு கொட்டாவி பாதியில் நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை. எந்தக் கஸ்டமர் பயந்தாங்க, பேர் சொல்லுங்க என்றாள். எல்லாரும்தான் பொதுவாக என்று இழுத்தார். பொதுவா வேண்டாம், ஒரே ஒரு பேர் போதும் என்றாள். கேசவமூர்த்தி யோசித்தார். அவர் யோசிப்பது கேட்டது. மலைக்கு அவளோடு போனவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். அடுத்த தடவையும் அந்த அம்மாவையே அனுப்புங்கள் என்று கேட்டவர்களின் பேர்தான் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பயந்தவர் என்று சொல்ல ஒரு பேர்கூட வரவில்லை. பயப்படுவார்கள் என்று நானாகத்தான் நினைத்தேன் என்று கடைசியில் முனகினார்.

"அப்பப் பயந்தது நீங்க ஒருத்தருதானுங்களா," என்றாள் மாதம்மா. "அமாவாசைக்கு என் வண்டிய நான்தான் எடுத்துட்டுப் போவேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, வண்டிய வேற பக்கம் விட்டுக்கறேன்."

 எடுத்துக்கொண்டு போ என்றார் கேசவமூர்த்தி. கோபமாகச் சொன்னாரா, வெட்கத்தோடு சொன்னாரா என்று தெரியவில்லை. எப்படிச் சொன்னால் என்ன, சொன்னாரே. அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினாள்.

சர்வீஸ் சென்டர் வாசலில் ஸ்ரீஹர்ஷா இறங்கினான். இறங்கியவன் போகாமல், கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெரிய மனசு பண்ணுகிறவன்போல் ஒன்று சொன்னான்.

"நல்லாத்தான் ஓட்டறீங்க மேடம்."

மாதம்மாவுக்கு அதுவரை வந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை என்று தோன்றிவிட்டது. இத்தனை வருஷம் ஓட்டியபின், இத்தனை வளைவு ஏறி இறங்கியபின், முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவன் இறங்கும்போது சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போகிறான். அவனை யார் கேட்டார்கள்? திட்டுவதற்கு எவ்வளவோ வார்த்தை தொண்டைவரை வந்தது. அதில் ஒன்றைக்கூட அவனுக்குச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கதவச் சாத்துங்க," என்றாள். "டிரிப்பு இருக்குது."